கமலா கானுக்காகக் காத்திருந்தவர்கள்

வெளிவராத ஒரு படைப்பைப் பற்றி எவ்வளவு பேச முடியும்? 2023 நவம்பர் 10 ஆம் திகதி அமெரிக்காவில் திரைக்கு வந்த ‘தி மார்வெல்ஸ்’ படத்தைப் பொறுத்தமட்டில், அது வந்த பின்னர் பேசப்பட்டதைவிட வருமுன் பேசப்பட்டதே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் ஓடுவது 105 நிமிடங்கள். அதைப் பற்றிய சண்டை ஓடியது இரண்டு வருடங்களுக்கும் மேல். மார்வெல் நிறுவனத்தின் அந்த வரிசையில் அதுவரை வந்தவற்றுள் மிகக் குறுகிய படம் இதுதான் என்று தெரியவந்தபோது, ‘நல்லது, இழுவை இருக்காது’ என்றது ஒரு தரப்பு. ‘கண்டபடி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்’ என்றது மறுதரப்பு. இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது நிமிடக் கணக்கு மட்டுமே.

இலக்கியச் சஞ்சிகையொன்றில் சுப்பர் ஹீரோ படத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நம்மில் இருப்பார்கள். படத்தின் மூன்று வீராங்கனைகளுள் ஒருத்தியின் பெயர் கமலா கான் என்பதே என் பதில். வாப்பா யூசுப், உம்மா முனீபா, மார்க்கப் பற்றுள்ள நாநா ஆமிர். நியூ ஜேர்ஸி மாநிலத்தின் ஜேர்ஸி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பம். ஹொலிவூட் பெருமுதலீட்டில் எடுத்த ஒரு வீரசாகசப் படத்தில் முஸ்லிம் பிள்ளையொருத்தி துப்பாக்கி தூக்கியவனின் தங்கையாகவோ, அழுதுகொண்டு நிற்கும் அகதியாகவோ அன்றி, உலகைக் காப்பவளாக வருகிறாள். இதை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

கமலா முதலில் ஒரு சித்திரக்கதைப் பாத்திரம். சனா அமானத் என்ற பதிப்பாசிரியரின் எண்ணத்தில் உருவாகி, ஜீ. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைய, 2014 பெப்ரவரியில் ‘மிஸ் மார்வெல்’ முதலாவது இதழ் வந்தது. வில்சன் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி, எகிப்தில் வாழ்ந்தவர். அந்தத் தொடரின் முதல் தொகுதிக்கு 2015 இல் ஹியூகோ விருது கிடைத்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கமலா வீராங்கனையாவதற்கு முன் ஒரு ரசிகை. கெப்டன் மார்வெல் முதலிய வீரர்களைப் பற்றித் தானே கற்பனைக் கதைகள் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை. முதல் இதழில் மூடுபனிக்குள் அவளுக்கு ஒரு காட்சி தோன்றுகிறது. கெப்டன் மார்வெல் வானத்திலிருந்து இறங்கி வருகிறாள். அவள் வாயிலிருந்து வருவதோ அமீர் குஸ்ரோவின் பாட்டு! எனக்கு இதைவிட நேர்மையான கனவுக் காட்சி சித்திரக்கதைகளில் நினைவில் இல்லை. அந்நிய வீரனை நேசிக்கும் பிள்ளை அவனைத் தன் வீட்டு மொழியில்தானே பேச வைக்கும்? யாராக வேண்டும் என்று கேட்கப்பட்டதும், அவளைப் போலவே ஆகவேண்டும் என்கிறாள் கமலா. ஆகிவிடுகிறாள். பொன்னிற முடி, வெள்ளைத்தோல், நீண்ட கால்கள். உடுப்பு இறுக்குகிறது, முடி கண்ணை மறைக்கிறது, சகிக்கமுடியவில்லை. அந்த உருவத்தில் நின்றுகொண்டே, நீரில் மூழ்கும் ஒருத்தியைக் காப்பாற்றும் வேளையில், வாப்பா அடிக்கடி ஓதிக் காட்டும் ஓர் ஆயத்து அவள் நினைவுக்கு வருகிறது. ஸூறா மாயிதாவில் ஓர் உயிரை வாழவைப்பது பற்றி வரும் ஆயத்து அது. மார்க்கம் இந்தக் கதையில் ஒட்டுப்போட்ட அடையாளமாக இல்லை, செயலுக்குக் காரணமாக இருக்கிறது. இதை மனதில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மறுவருடமே கமலா கதையை விட்டு வீதிக்கு வந்துவிட்டாள். 2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பஸ்களில் இஸ்லாத்தை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் கட்டணம் செலுத்தி ஒட்டப்பட்டிருந்தன. யாரோ சிலர் அவற்றின் மேல் கமலா கானின் படங்களையும், வெறுப்புக்கு எதிரான வாசகங்களையும் ஒட்டினார்கள். அருமையான செய்கைதான். ஆனால் அன்றிலிருந்து அவள் வெறும் பாத்திரமல்ல, ஒரு பதில். பதிலாக நிற்கும் பாத்திரம் தவறு செய்யலாமா, அசடாக இருக்கலாமா என்ற கேள்விகளும் அன்றே தொடங்கிவிட்டன.

மறுபுறம், 2019 மார்ச்சில் வந்த ‘கெப்டன் மார்வெல்’ படத்தின் கதையைச் சொல்லவேண்டும். ‘தி மார்வெல்ஸ்’ அதன் தொடர்ச்சியே. ப்ரீ லார்சன் நடித்த அந்தப் படம் வருமுன்னரே, பெண்ணொருத்தியை நடுவில் நிறுத்தியதும் அவர் ஊடகங்களில் சொன்ன சில கருத்துக்களும் பிடிக்காத பெருங்கூட்டமொன்று அதற்கு எதிராகக் கிளம்பியது. ‘ரொட்டன் டொமேட்டோஸ்’ என்ற விமர்சனத் தொகுப்புத் தளத்தில் அப்போது, வெளிவராத படமொன்றைப் பார்க்க எத்தனை வீதத்தினர் ஆவலாக உள்ளனர் என்று காட்டும் கணக்கு ஒன்று இருந்தது. எதிர்பார்ப்பையே எடைபோடும் தராசு! அதில் கல்லைப் போட்டு அமுக்கினார்கள். 2019 பெப்ரவரி இறுதியில் அந்தக் கணக்கையே நீக்கவேண்டியதாயிற்று. படமோ 110 கோடி டொலருக்கு மேல் சம்பாதித்தது. அதனால் அக்கூட்டம் அடங்கவில்லை. அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தது. அன்பினால் காத்திருப்போரைப் பற்றி நாம் நிறையக் கதை கேட்டிருக்கிறோம். விழுவதைப் பார்க்கவென்றே வருடக்கணக்காகக் காத்திருக்கும் ரசிகனை இந்த நூற்றாண்டுதான் இவ்வளவு பெருந்தொகையில் உருவாக்கியது எனலாம்.

இடையில், 2022 ஜூன் 8 முதல் ஜூலை 13 வரை, ஆறு பாகங்களாக ‘மிஸ் மார்வெல்’ தொலைத்தொடர் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. கமலாவாக நடித்தவர் கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்த இமான் வெலானி. அதற்கு முன் நடித்துப் பழக்கமில்லாதவர். ஆனால் இந்தச் சித்திரக்கதைகளின் தீவிர ரசிகை. தொடரின் கடைசிப் பாகத்தில், எழுத்தோட்டத்துக்கு நடுவில், கமலா தன் அறையிலிருந்து திடீரென மறைகிறாள். அவள் நின்ற இடத்தில் கெப்டன் மார்வெல் நிற்கிறாள். சுற்றிலும் பார்க்கிறாள். சுவரெல்லாம் அவளுடைய படங்கள். வீராங்கனையொருத்தி தன் ரசிகையின் எதிர்பார்ப்புக்குள்ளேயே நேரடியாக வந்து விழுந்து திகைத்து நிற்கும் காட்சி அது. மிகச் சிறியதுதான். அதை வைத்துப் பதினாறு மாதங்கள் விவாதித்தார்கள்.

என்னவெல்லாம் விவாதித்தார்கள்? சித்திரக்கதையில் கமலா தன் உடம்பை நீட்டவும் பெருப்பிக்கவும் வல்லவள். தொடரில் பூட்டியின் காப்பிலிருந்து ஒளியைக் கட்டியாக வார்க்கிறாள். படத்தில் பழைய சக்தி திரும்புமா? மொனிகா ரம்போவுக்கும் கெப்டனுக்கும் இடையில் என்ன மனஸ்தாபம்? எக்ஸ்-மென் கூட்டத்தார் தலைகாட்டுவார்களா? முன்னைய படங்களையும் தொலைத்தொடர்களையும் பார்க்காதவனுக்கு இது விளங்குமா? கடைசிக் கேள்வி நியாயமானது. ஒரு படத்தைப் பார்க்க மூன்று பாடப்புத்தகம் படித்துவரச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான், வாத்தியார் நானே சொல்கிறேன். 2022 ஜூலைக்கென முதலில் அறிவிக்கப்பட்ட படம் பலமுறை பிற்போடப்பட, ஒவ்வொரு பிற்போடலும் புதிய ஊகங்களுக்கு எருவாயிற்று. 2023 ஜூலையில் நடிகர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது முடிந்த மறுநாள்தான் படம் வெளியானது. ஆகவே படத்தைப் பற்றி யாவரும் பேசிய மாதங்களில், பேச அனுமதிக்கப்படாதிருந்தவர்கள் அதில் நடித்தவர்கள் மட்டுமே!

ஹான்ஸ் ரொபேர்ட் யவுஸ் என்ற ஜேர்மானிய அறிஞர் 1967 இல் முன்வைத்த ‘எதிர்பார்ப்பின் அடிவானம்’ என்ற கருத்து நம் விமர்சன வட்டாரங்களில் அறியப்பட்டதே. வாசகன் வெறுங்கையோடு பிரதியிடம் வருவதில்லை, முன்பு வாசித்தவற்றின் வழியாகவே புதியதைக் காண்கிறான் என்பது அதன் சாரம். அந்த அடிவானத்தைச் சற்றே நகர்த்தும் படைப்பே பெறுமதியானது. ஆனால் யவுஸ் பேசிய எதிர்பார்ப்பு வாசகனுக்குள் தானாக ஊறியிருப்பது. இங்கேயோ எதிர்பார்ப்பு ஒரு பண்டம். நிறுவனமே எழுத்தோட்டத்தின் பின்னால் விதையைத் தூவுகிறது; முன்னோட்டத்தால் நீரூற்றுகிறது. விளைந்தது முள்ளாயிருந்தால் ரசிகனைக் குற்றஞ்சொல்கிறது. பெரிய கம்பனிகளின் மீது எனக்கு அனுதாபம் இல்லை.

தொடர்ச்சிக்காகக் காத்திருப்போர் படைப்புக்குள்ளேயே நுழைந்துவிடுவது புதினமல்ல. செர்வாண்டிஸின் ‘டொன் கிஹோத்தே’ முதற்பாகம் 1605 இல் வந்தது. கிஹோத்தே யார்? வீரசாகசக் கதைகளை வாசித்து வாசித்துத் தன்னையே வீரனாக எண்ணிக்கொண்ட ஒரு ரசிகன். கமலாவின் மூத்தப்பா என்று சொல்லத் தடையில்லை. வாசகர்கள் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்க, 1614 இல் அவெயனேதா என்ற புனைபெயருக்குள் ஒளிந்த ஒருவன் தானே ஒரு தொடர்ச்சியை எழுதி வெளியிட்டுவிட்டான். செர்வாண்டிஸ் 1615 இல் தமது இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். அதில் பாத்திரங்கள் முதற்பாகத்தை வாசித்திருக்கிறார்கள். சாஞ்சோவின் கழுதை களவுபோய்த் திரும்பிவந்த இடத்தில் உள்ள கோளாறுவரை, வாசகர்களின் முறைப்பாடுகளைக் கிஹோத்தேயின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். போலித் தொடர்ச்சியில் தன்னைச் சரகோசாவுக்கு அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டதும், அதைப் பொய்யாக்கவென்றே கிஹோத்தே வழியை மாற்றிப் பார்சலோனா செல்கிறான். இந்தக் கதை முழுவதையும் எழுதிவைத்தவராக நாவல் சொல்வது சீதீ ஹாமித் பெனெஞ்ஞெலி என்ற ஓர் அரபு முஸ்லிம் வரலாற்றாசிரியரை என்பது நம் வாசகர்களுக்குச் சுவையாயிருக்கும். சாஞ்சோ அந்தப் பெயரைக் கத்தரிக்காயோடு போட்டுக் குழப்புவான். அல்ஜியேர்ஸில் ஐந்து வருடம் சிறையிருந்த செர்வாண்டிஸுக்கு, கதை சொல்ல ஒரு முஸ்லிமைத் தேடவேண்டும் என்று ஏன் தோன்றியது என்பது வேறொரு கட்டுரைக்குரியது.

இனி நம்மவர் எதிர்பார்ப்புக்கு வருகிறேன். என் மனதை உறுத்துவது இதுதான்.

உலகெங்கும் முஸ்லிம் ரசிகர்கள் கமலாவுக்காக மகிழ்ந்தார்கள். அதே மூச்சில் விசாரணையும் தொடங்கினார்கள். அவள் ஏன் ஹிஜாப் அணியவில்லை? அணிந்த நக்கியா ஏன் தோழியாக மட்டும் இருக்கிறாள்? பள்ளிவாசலில் சப்பாத்து களவுபோவதைக் காட்டுவானேன்? பெண்கள் தொழுமிடம் பழுதடைந்து கிடப்பதை வெளியார் பார்க்கவேண்டுமா? அவளுடைய பூட்டியின் கூட்டத்தாரை ‘ஜின்’ என்று அழைத்தபோது எழுந்த ஆட்சேபம் வேறு வகையானது. அதில் எனக்கும் உடன்பாடுண்டு. நம் உலகிலிருந்து மாயாஜாலம் என்றால் ஜின்னைத் தவிர வேறெதுவும் தெரியாத மேற்கத்திய சோம்பலின் மிச்சம் அது. அவர்கள் வந்த உலகுக்கு ‘நூர்’ என்று பெயரிட்டுவிட்டு, அச்சொல்லுக்குரிய எந்தக் கனத்தையும் கதையில் தொடாமல் விட்டதும் அப்படியே. ஆனால் சப்பாத்துக் களவு? எந்த ஊர்ப் பள்ளிவாசலில் அது நடக்கவில்லை? அந்தக் காட்சியைப் பார்த்தபோது, எழுதியவர் உள்ளிருந்து எழுதுகிறார் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. 2022 இல் என்னுடைய பத்தாந்தர வகுப்பில் தொலைபேசியில் பார்த்திருந்த பிள்ளையொன்று சொன்னாள்: “சேர், அவட உம்மா அப்படியே எங்கட உம்மா. ஏசுறதும் அப்படித்தான், ஏசிட்டுச் சாப்பாடு தாறதும் அப்படித்தான்.” இந்தப் பிள்ளை கமலாவிடம் சமூகத்தின் நற்சான்றிதழைக் கேட்கவில்லை. தன் உம்மாவைக் கண்டாள், அவ்வளவுதான்.

நமது இலக்கியக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதைத் தொகுதி வெளியீட்டுக்குப் போயிருந்தேன். நூல் இன்னும் கட்டுப் பிரிக்கப்படவில்லை. சபையில் ஒருவர் எழுந்து, இதில் வரும் பெண்கள் மார்க்க வரம்புக்குள் இருக்கிறார்களா என்று கேட்டார். இன்னொருவர், நமது சமூகத்தின் இழப்புகளை எழுதியிருக்கிறாரா, இல்லையென்றால் எதற்கு எழுதவேண்டும் என்றார். இருவருமே நல்லெண்ணத்தால்தான் கேட்டார்கள். சிறுபான்மையாய் வாழும் சமூகம் தன்னைப் பற்றிய ஒவ்வொரு சொல்லையும் அச்சத்தோடு எதிர்பார்ப்பது இயல்பே. 1990 க்குப் பிறகும், 2019 க்குப் பிறகும் நம்மைப் பற்றி யார் என்ன எழுதுவார்கள் என்று நாம் பதைத்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த எழுத்தாளர் அன்று மேடையில் இருந்த இருப்பு, கதை எழுதியவரின் இருப்பாக இல்லை. சாட்சிக்கூண்டில் ஏறியவரின் இருப்பாக இருந்தது. ‘இவள் முஸ்லிம் என்பதற்காகவே நுழைத்திருக்கிறார்கள்’ என்று படம் வருமுன்னரே சொன்ன பகைவனும், ‘இவள் நம்மைச் சரியாகக் காட்டவேண்டும்’ என்று படம் வருமுன்னரே கேட்ட நண்பனும் ஒரு விடயத்தில் உடன்படுகிறார்கள். இருவருக்கும் கமலா ஆள் அல்ல, அட்டை.

சரி, படம் எப்படி? நீயா டகோஸ்டா இயக்கிய இந்தப் படம் ரசிகர் எதிர்பார்ப்பைப் பற்றியே ஒரு நல்ல எண்ணத்தோடு தொடங்குகிறது. ஆரம்பத்தில் கமலா தானும் கெப்டனும் சேர்ந்து சண்டையிடுவதாகத் தன் கையால் வரைந்த கதை திரையில் அசைகிறது. பிறகு மூவரின் சக்திகளும் பின்னிப்போய், சக்தியைப் பாவிக்கும்போது ஒருவர் இடத்துக்கு மற்றவர் மாறி விழுகிறார்கள். வேற்றுக்கிரகப் படைவீரர்கள் கமலாவின் வீட்டுச் சாலைக்குள் வந்து விழ, தளபாடங்கள் நொறுங்க, உம்மாவும் வாப்பாவும் நாநாவும் கையில் கிடைத்ததால் அடிக்கும் அந்தச் சண்டை, அண்மைக்கால சாகசப் படங்களில் நான் பார்த்த மிக உயிர்ப்பான காட்சிகளில் ஒன்று. விண்வெளியில் எத்தனை கிரகம் வெடித்தாலும் நமக்குச் சுடுவதில்லை. அலுமாரி உடைந்தால் சுடுகிறது.

மொனிகாவும் காத்திருந்தவள்தான். திரும்பி வருவேன் என்று சிறுமியிடம் சொல்லிவிட்டுப் போன கெப்டன் வரவில்லை. தாய் புற்றுநோயால் இறந்தபோதும் வரவில்லை. ஆக, ஒரே வீராங்கனையைக் கனவில் கண்டவள் ஒருத்தி, வாக்குறுதியில் நம்பியிருந்தவள் இன்னொருத்தி. மூன்றாவதாக ஹாலா என்ற கிரகத்து மக்கள்: தங்களை விடுவிக்க வந்ததாகச் சொன்னவள் தங்கள் நாட்டை உள்நாட்டு யுத்தத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள் என்று சபிப்பவர்கள். மீட்பரென்று வந்தவர் விட்டுச்சென்ற அழிவைப் பற்றி ஓர் அமெரிக்கப் படம் பேசுகிறது! ஈராக்கை நினைக்காமல் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. எதிர்பார்ப்புச் சண்டை பிடித்தவர்கள் எவரும் இந்தத் திசையைத் தொட்டதாக நான் அறியேன்.

ஆனால் படம் இவற்றில் எதிலும் தரித்து நிற்பதில்லை. அகதிகளான ஸ்க்ரல் மக்களின் குடியிருப்பு அழியும்போது, எல்லாரையும் ஏற்றமுடியாது, முடிந்தவர்களோடு புறப்படுவோம் என்கிறாள் கெப்டன். எல்லாரையும் காப்பாற்ற வேண்டும் என்று தவிக்கிறாள் கமலா. அவளது முகத்தில் ஒரு விக்கிரகம் உடைகிறது. வெலானி அந்தக் கணத்தை அழகாக நடித்திருக்கிறார். ஓர் உயிரைப் பற்றிய அந்த ஆயத்தைச் சித்திரக்கதை கமலாவுக்குக் கொடுத்திருந்ததே, அது பேசவேண்டிய இடம் இதுவல்லவா? பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பாட்டாகவே பேசும் கிரகமொன்றுக்குப் போய்விடுகிறோம். அதன் பின் ஆட்களை விழுங்கும் பூனைக்குட்டிகள் வருகின்றன. சித்திரக்கதையில் செயலுக்குக் காரணமாயிருந்த மார்க்கம், திரையில் வீட்டின் வாசனையாகச் சுருங்கிவிட்டது. என் குறை இதுதான். ஹிஜாப் இருந்ததா இல்லையா என்பதல்ல. அவள் எதை நம்பி எழுகிறாள் என்பதைக் கதை மறந்துவிட்டது.

உலகம் முழுவதிலும் சுமார் 20 கோடி 60 இலட்சம் டொலர்தான் வசூலானது. அந்த வரிசைப் படங்களில் மிகக் குறைந்த வருமானம். விழுவதற்குக் காத்திருந்தவர்கள் கொண்டாடினார்கள். மற்ற ரசிகர்களோ எழுத்தோட்டத்துக்கு நடுவில் எக்ஸ்-மென் கூட்டத்து ‘பீஸ்ட்’ தோன்றியதைப் பிடித்துக்கொண்டு அடுத்த எதிர்பார்ப்புக்குப் போய்விட்டார்கள்.

இதற்குச் சில மாதங்கள் முந்தி நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023 மே 31 இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர் மேன்’ 26 ஆம் இதழில் கமலாவைக் கொன்றுபோட்டார்கள். தன்னுடைய தொடரில்கூட அல்ல, இன்னொருவனின் கதையில். அதுவும் ஸ்பைடர் மேனின் காதலியைக் காப்பாற்ற அவளுடைய உருவத்தை எடுத்துக்கொண்ட நிலையில். தொடக்க இதழ்களில் வெள்ளைக்காரியின் தோற்றத்தைக் கழற்றி எறிந்து எழுந்தவள், ஒன்பது வருடம் கழித்து இன்னொரு வெள்ளைக்காரியின் தோற்றத்தில் கத்தி வாங்கினாள். ரசிகர்கள் கொதித்தார்கள். இம்முறை அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. இரண்டு மாதத்துக்குள், ஜூலையில், தொலைத்தொடரின் முடிவுக்குப் பொருந்தும்படி மரபுமாற்றம் பெற்றவளாக்கி அவளை எழுப்பிவிட்டார்கள். படம் வரப்போகிறதல்லவா, அதற்கு ஆள் வேண்டுமே.

அப்படி எழுந்துவந்த கமலாவின் கதை அந்த ஓகஸ்ட்டிலிருந்து நான்கு இதழ்களாக வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் சபீர் பீர்சாதா. மற்றவர் இமான் வெலானி.